முக்கால் சாண்

நாலு வருஷம் முன்பு
இதே கராஜில், இதே குழல்விளக்கின் கீழ்
அதைத் தூக்கி நிறுத்தினோம், நானும் மைத்துனன் ஆஸ்பியோர்னும்.
நீளமான சுருள்வில், அதன் தலையில் ஒரு கட்டை,
முப்பத்தெட்டு அங்குல டயர்.
லேண்ட் குரூசர் எழுந்து நின்றபோது
எகில்ஸ்தாதிர் ஊரே குனிந்துகொண்ட மாதிரி இருந்தது எனக்கு.
பெட்ரோல் பங்கில் பையன்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.
மாடியிலிருந்து கூடை இறக்குகிறவன்போலக்
கையை நீட்டிச் சில்லறை வாங்குவேன்.

ஆறுகளைக் கடந்தேன்.
பனிப்பாறை உருகி வரும் சாம்பல் தண்ணீர்
கதவின் அடிவிளிம்பை நக்கிப் பார்த்துவிட்டுப் போகும்.

சோல்ரூன் வருவது குறைந்தது.
"நீ போய்வா, துணி மடிக்கணும்."
அவளுக்கு ஆறு என்றால் பயம் என்று நினைத்தேன்.
நண்பர்களிடமும் அப்படியே சொன்னேன்,
கொஞ்சம் பெருமையாகக்கூட.

மார்ச்சில், இருக்கைக்குப் பின்னால்
பனி சுரண்டும் தகட்டைத் துழாவியபோது
கையில் ஒரு கயிறு தட்டியது.
மறுமுனையில் நீலப் பால்பெட்டி.
தாக்மேயைக் கேட்டேன். ஆறு வயசு,
ஒளிக்கத் தெரியாது.
"அம்மா அது மேல நின்னுதான் ஏறுவா.
ஏறிட்டுக் கயித்தால பெட்டியை உள்ள இழுத்துக்குவா.
நீ கடைக்குள்ள இருக்கும்போதே.
நான் பின்னாலேர்ந்து தள்ளுவேன்."

கயிறு நடுவில் நைந்திருந்தது.
எத்தனை தடவை இழுத்தால்
நைலான் நையும்?

இரண்டு குளிர்காலம் முன்பு
கூட்டுறவுக் கடை வாசலில் வழுக்கி விழுந்த இடுப்பு.
ஆறிவிட்டது என்றாள்.
ஆறிவிட்டது என்று நானும் வைத்துக்கொண்டேன்.

அவள் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தபோது
டேப்போடு போய் மண்டியிட்டேன்.
"காலை வலிக்காமல் எவ்வளவு தூக்குவாய்?"
"என்ன, கால்சட்டை தைக்கப் போகிறாயா?"
தூக்கினாள். அவ்வளவுதான்.
நான் நினைத்ததைவிட மிகக் குறைவு.

ஆஸ்பியோர்ன் தலையில் அடித்துக்கொண்டான்.
"ஏற்றுவதற்குத்தான் ஆள் வருவான். இறக்கவா?"
ஆனாலும் ஜாக்கியோடு வந்தான்.
துரு பிடித்த போல்ட்டு ஒன்று
சனிக்கிழமை முழுவதையும் தின்றது, என் இரண்டு விரல்முட்டியையும்.
சுருள்வில்லை இறுக்கிக் கழற்றும்போது
இருவரும் பேசவில்லை; அது நழுவினால்
பல்லைப் பொறுக்க ஆள் தேட வேண்டும்.
எடுத்துப் பரணில் போட்ட பழைய தண்டைத் தேடி மாட்டினேன்.
சின்ன டயர்.
என் கையால் முக்கால் சாண் இறங்கிற்று.

அப்புறம்தான் தெரிந்தது,
நாலு வருஷமாக முகப்பு விளக்குகள்
அடுத்தவர் படுக்கையறைக்குள் பார்த்துக்கொண்டிருந்தன.
வேகமானி குறைத்தே சொல்லிவந்தது;
நான் வேகமாகப் போனது எனக்கே தெரியாது.

ஜூன் கடைசியில் மலைப்பாதை திறந்தார்கள்.
வழக்கமாகக் கடக்கும் இடத்தில் இறங்கி
தடியோடு தண்ணீருக்குள் நடந்தேன்.
மூன்றாவது எட்டில் தொடைவரை வந்துவிட்டது.
திரும்பினேன். எஞ்சினை அணைத்தேன்.
ஒரு உயரமான பிக்கப் எங்களைத் தாண்டிப் போய்
ஆற்றைப் பிளந்து அக்கரை ஏறியது.
ஓட்டுகிறவன் கை காட்டினான்.
நான் அண்ணாந்து காட்டினேன்.
வலித்தது, பொய் சொல்லவில்லை.

சோல்ரூன் பிளாஸ்க் எடுக்க இறங்கினாள்.
தாக்மேயின் குல்லாவுக்காக ஏறினாள், இறங்கினாள்.
அடுத்த தடவை எதற்கென்று தெரியவில்லை,
சும்மா ஏறி உட்கார்ந்தாள்.
பால்பெட்டியைக் கயிறோடு இழுத்துக்கொண்டு
சின்னவள் கரையில் கல் பொறுக்கினாள்.

ஏதாவது சொல்வாள் என்று
கதவருகே நின்றுகொண்டிருந்தேன்.
"உள்ளே வா, இல்லை கதவைச் சாத்து," என்றாள்,
"காற்று வருது."